அடுத்த வெள்ளி காலை ஆறு மணிக்கு இயற்கை எய்தினார்

மரண அறிவிப்பில் தேதி தவறாக இருந்தால் நீங்களாகத் திருத்தாதீர்கள், கொடுத்தவரைக் கேளுங்கள். செய்திப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியவற்றில் இது மிகச் சிறியது. தலைப்பு வைப்பதையும், அமைச்சர் பேச்சுக்குள் செய்தியைத் தேடுவதையும் வேலையே கற்றுக்கொடுத்துவிடும். இதை மட்டும் யாராவது சொன்னால்தான் உண்டு. எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் திருத்தினேன்.

எண்பதுகளின் தொடக்கம், தை மாதம். சேலம் அலுவலகத்தில் நான் நிருபர். விளம்பரம் பார்க்கும் குமாஸ்தா காய்ச்சலில் படுத்திருந்ததால் அந்த மேசையும் என் பொறுப்பில் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆட்டையாம்பட்டி ஏஜென்ட் குழந்தைவேல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய கவர் வந்தது. உள்ளே ஒரு மரண அறிவிப்பு. பெரியவர் நல்லமுத்து, வயது எண்பத்து மூன்று, நிலக்கிழார், வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு இயற்கை எய்தினார், அன்னாரின் இறுதிச் சடங்கு அன்று மாலை நான்கு மணிக்கு என்று எல்லாம் முறையாக இருந்தது. தேதி மட்டும் வரப்போகும் வெள்ளிக்கிழமையின் தேதி.

எதிர்காலத்தில் யாரும் இறந்திருக்க முடியாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை நம்பிக்கைகளில் ஒன்று. சிவப்பு மையால் அதை அடித்துவிட்டுப் போன வெள்ளியின் தேதியைப் போட்டேன். ஒரு பிழையைப் பிடித்த திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

மாலையில் குழந்தைவேல் நேரிலேயே வந்தார். பெரியவரின் போட்டோவைக் கவரில் வைக்க மறந்துவிட்டாராம்.

"தேதியைத் தப்பாப் போட்டிருந்தீங்க. நான் சரி பண்ணிட்டேன்" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "ஐயோ, எதுக்குங்க மாத்துனீங்க? வாற வெள்ளிதானுங்க."

"வர்ற வெள்ளியா? இப்ப ஆள் எங்கே?"

"ஊட்லதானுங்க. நான் போட்டோ வாங்கப் போனப்பக்கூட கஞ்சி குடிச்சுட்டு இருந்தாரு."

"அப்புறம் ஆறு மணின்னு எப்படி எழுதுனீங்க?"

"அன்னிக்குத் தை அமாவாசைங்க. அஞ்சரைக்குப் பால் ஊத்த ஆரம்பிக்கறாங்க. ஒறம்பரை சனம் நாப்பது பேருக்குக் கொறையாது. ஆளுக்கு ஒரு கரண்டின்னாலும் அரை மணி நேரம் ஆகுமில்லீங்களா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. சிவப்புப் பேனாவை மூடிவைத்தேன்.

குழந்தைவேல் விளக்கினார். பெரியவர் பக்கவாதத்தில் விழுந்து நான்கு மாதம் ஆகிறது. அமாவாசைக்கு உறவுக்காரர்கள் எப்படியும் ஊருக்கு வருவார்கள். மறுநாள் சனிக்கிழமை, அது ஆகாது. போதாததற்கு அன்று அவிட்டம், அடைப்பு தொடங்குகிறது. அடைப்பில் போனால் ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப்போட்டு வெளியே கிடக்க வேண்டும். மாசிக் கடைசியில் பேத்திக்குக் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருக்கிறது. "எல்லாத்தையும் யோசிச்சுப் பார்த்தா வெள்ளிக்கிழமைதானுங்க தோது" என்றார்.

"வெள்ளிக்கிழமை பேப்பர் விடிகாலை அஞ்சு மணிக்கே உங்க ஊருக்கு வந்துடும். ஆறு மணிக்குச் செத்தவர் அஞ்சு மணிப் பேப்பர்ல எப்படி வருவார்?"

"சேதி தெரிஞ்சாத்தானுங்க தூரத்து ஆளுக பஸ் புடிச்சு வர முடியும். எழவு ஊட்ல யாருங்க கடியாரத்தப் பாக்கறாங்க?"

அறிவிப்பின் அடியில் 'துயரத்துடன், மகன் பொன்னுசாமி' என்றிருந்தது. அந்தப் பெயரைப் பார்த்ததும் என் மேசை டிராயரைத் திறந்தேன். அதற்குள் அதே பொன்னுசாமியின் போட்டோ இருந்தது.

அது வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். முந்தைய வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி ஆசிரியர் டிரங்க் கால் போட்டிருந்தார். எங்கோ வெளிநாட்டில் கருணைக் கொலை பற்றி வழக்கு நடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கம் வேண்டும்: கருணைக் கொலையும் கருக்கலைப்பும், சமயப் பெரியோர் ஏன் எதிர்க்கிறார்கள்? போட்டோவோடு நான்கு பேர். "கருத்து வேணும்யா, கதை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

எதிர்ப்பவர்களைத் தேடி நான் அலையவே வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் தயாராக இருந்தார்கள். பொன்னுசாமி ஊர்க் கோயில் தர்மகர்த்தா. சைவ சித்தாந்தம் படித்தவர். மேடையில் நன்றாகப் பேசுவார். புதிதாகக் கோழிப் பண்ணை போட்டிருந்தார். அங்கேதான் அவரைப் பார்த்தேன். "உயிரைக் கொடுத்தவன் அவன். எடுக்கும் உரிமையும் அவனுக்கே. கருவில் இருப்பதும் உயிர், கட்டிலில் கிடப்பதும் உயிர். இதில் மனிதன் கை வைத்தால் அது கொலை" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். ஒரு சொல்லைக்கூட நான் ஒட்டவைக்க வேண்டியிருக்கவில்லை. கிளம்பும்போது ஒரு அட்டை முட்டையை நீட்டினார். கருவைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டு முட்டையா என்று நான் தயங்கியதைக் கண்டுகொண்டார். "சேவலே இல்லாத பண்ணைங்க. இதுல உயிரே கெடையாது. தைரியமாச் சாப்பிடுங்க" என்றார். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கும் மனிதர்.

குழந்தைவேல் வந்துபோன மறுநாள், புதன்கிழமை, அரைப் பக்கத்துக்காக ஒரு பங்குச் சாமியாரின் போட்டோ வாங்கப் போனேன். அவருடைய எதிர்ப்பும் உறுதியானது, இலத்தீனில் மேற்கோள் காட்டுகிற அளவுக்கு. போட்டோவை வாங்கிக்கொண்டு, பெயர் சொல்லாமல் கேட்டேன்: "ஃபாதர், படுத்துக் கிடப்பவருக்குச் சடங்காகப் பால் ஊற்றுகிறார்கள். அதில் உயிர் போகிறது. அது எந்தக் கணக்கில் வரும்?"

அவர் தாடையைத் தடவினார். "இதுல நான் யாரைக் குறை சொல்றது சார்? சாகக் கிடக்கறவங்களுக்கு எண்ணெய் பூசி நோயில பூசுதல் கொடுக்க நான் அங்கியோட போய் வாசல்ல நின்னாலே, வீட்டுல பெட்டிக்கு அளவெடுக்க ஆரம்பிச்சுடறாங்க. என்னைப் பார்த்த பயத்துலயே பாதி உயிர் போயிடுது." பிறகு, "ஆட்டையாம்பட்டிப் பக்கம்தானே?" என்று கேட்டார். நான் எந்த ஊரையும் சொல்லியிருக்கவில்லை. "எங்க சர்ச்சுக்கு வர்ற நர்ஸ் லூர்துமேரிதான் அந்த வீட்டுக்குத் தினம் போயிட்டு வருது, டாக்டர் அனுப்பி. திங்கக்கிழமை வந்து இதையேதான் கேட்டது. ஜெபம் பண்ணச் சொன்னேன். 'அது பண்ணிட்டேன் ஃபாதர், வேற என்ன பண்ணலாம்'னு கேட்டது. எனக்குப் பதில் தெரியலை."

போலீஸுக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. தெரிந்த இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் பொதுவாகக் கேட்டும் பார்த்தேன். "பால் ஊத்தறதுக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடறது? முதல்ல எங்க தாத்தா கேஸ்ல நானே உள்ளே போகணும்" என்று சிரித்தார். செய்தியாகப் போடலாமா? நடக்காத கொலையைச் செய்தியாகப் போட முடியாது. நடந்த பிறகு அது கொலையே இல்லை; நான்கு அங்குல அறிவிப்பு. நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். விளம்பரத்தை நிறுத்திவைத்து, வியாழக்கிழமை மத்தியானம் நேரில் போனேன்.

பொன்னுசாமி வாசலுக்கு வந்து வரவேற்றார். பந்தலுக்குக் கம்பு வந்து சுவரோரம் சாத்தியிருந்தது. கேட்டால் கல்யாணத்துக்கு என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

"ஆள் இறந்த பிறகுதான் அறிவிப்பு வாங்கலாம்னு எங்க ஆபீஸ் ரூல்" என்றேன். அப்படி ஒரு விதியை எழுதிவைக்க வேண்டும் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

"அப்படீங்களா? அப்ப சனிக்கிழமை பேப்பர்லதான் வருமுங்களா?" அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஆரும் பாக்க வர முடியாதுங்களே."

"நீங்க ஞாயித்துக்கிழமை பக்கத்துக்குச் சொன்னதை யோசிச்சுப் பார்த்தீங்களா?"

"எதைங்க?"

"மனிதன் கை வைத்தால் கொலைன்னு."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பட்டணத்துக்காரனுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறதே என்ற பார்வை. "ஏனுங்க, ஊசி போட்டா அது கொலைங்க. டாக்டருக்கும் பாவம், கேட்டவனுக்கும் பாவம். இது சாங்கியமுங்க. நாம பால்தான் ஊத்தறோம். உயிரை அவனே எடுத்துக்கறான். எங்கய்யனை நானுங்களா கொல்லுவேன்? நாலு மாசமா மலம் மூத்திரம் அள்ளிப் போட்டுட்டு இருக்கறது நானுங்க."

அதுவும் உண்மை. அவர் கையில் டெட்டால் வாசனை வந்தது. இந்தத் தொழிலில் பாசாங்குக்காரர்களைத்தான் சந்திப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். பாசாங்குக்காரனை எழுதுவது சுலபம். பொன்னுசாமி பாசாங்கு செய்யவில்லை. அவருடைய எதிர்ப்பு ஊசிக்கு. கரண்டியைப் பற்றி அவருடைய சித்தாந்தத்தில் எதுவும் இல்லை.

அதற்கு முன் செய்து பார்த்தவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். நிலத்தின் மேல் ஆசை இருந்தால் உயிர் பிரியாது என்று வயல் மண்ணைக் கரைத்து ஊற்றினார்களாம். கிணற்று மேட்டு மண், தென்னந்தோப்பு மண், பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிப் போட்ட மனையின் மண் என்று ஒவ்வொன்றாக. எதற்கும் அசையவில்லை. பங்காளியோடு கோர்ட்டில் இருக்கும் காட்டு மண் ஒன்றுதான் பாக்கி. பங்காளி ஒரு கைப்பிடிகூட எடுக்க விடவில்லை, தீர்ப்பு வரட்டும் என்றுவிட்டார்.

உள் அறையில் பெரியவர் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், வெள்ளைச் சேலை, கழுத்தில் சிறிய சிலுவை: சாமியார் சொன்ன லூர்துமேரி. பெரியவரின் தலையைத் தூக்கித் தன் கையில் சாய்த்துக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கரண்டி, பிறகு தொண்டைக்குழியைப் பார்த்தபடி ஒரு காத்திருப்பு, பிறகு அடுத்த கரண்டி.

பெரியவர் என்னைப் பார்த்தார். வலப்பக்கம் விழுந்திருந்தது, பேச்சு குழறலாக, ஆனால் புரியும்படி வந்தது. "பேப்பர்காரரா?"

"ஆமாங்க."

"எழுதீட்டயா சாமி?"

"எதைங்க?"

"நான் போனதை."

 பொன்னுசாமி வெளியே யாரையோ கூப்பிடுவதுபோலப் போய்விட்டார்.

"வெள்ளிக்கெழமையாமா" என்றார் பெரியவர். "எல்லாருக்கும் தோதுங்கறாங்க. எனக்குத்தான் இன்னும் தோதுப்படலை. பேத்தி கண்ணாலத்தப் பாக்கோணும்." கஞ்சியை விழுங்கினார். "பால் வேண்டாங்கல சாமி. எனக்குப் பால் புடிக்கும். படுத்துட்டுக் குடிக்க முடியலை."

நான் அந்த அறையை விட்டுக் கொல்லைப்பக்கம் வந்தேன். லூர்துமேரி பாத்திரம் கழுவ வந்தார்.

"என்னைத் தெரியுதா சார்?" என்றார்.

தெரியவில்லை.

"மூணு வரி எழுதுனீங்களே."

அப்போது நினைவு வந்தது. எழுபதுகளின் நடுவில், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எங்கே பார்த்தாலும் இலக்கு வைத்து வேலை நடந்த நேரம். ஒரு ஆஸ்பத்திரியில் கருக்கலைப்பு நடக்கும் அறைக்குள் வர முடியாது என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டார். அதிகாரி கொடுத்த குறிப்பை வைத்து, 'பணிக்கு ஒத்துழையாத செவிலியர் இடமாற்றம்' என்று மூன்று வரி போட்டேன். அந்த நர்ஸைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. குறிப்பு தட்டச்சு செய்து, முத்திரை போட்டு, பிழையில்லாமல் இருந்தது.

"ஒத்துழைக்கலைன்னு எழுதிட்டீங்க. அந்த ரூமுக்குள்ள போகமாட்டேன்னு மட்டும்தான் சார் சொன்னேன். என் மனசுக்கு ஒப்பலை. வெளியில வந்து படுத்த பொண்ணுங்களுக்கு வெந்நீர் வச்சது, துணி மாத்துனது எல்லாம் நான்தான். ஒரு பொண்ணையும் ஒரு சொல் சொன்னதில்லை. அதுங்க படுற பாடு நமக்கென்ன தெரியும்? மாத்தல்ல வேற ஜில்லாவுக்குப் போட்டாங்க. அம்மா படுக்கையில. போக முடியலை, வேலையை விட்டேன்." கோபமில்லாமல், நோயாளியின் காய்ச்சல் அளவைச் சொல்வதுபோலச் சொன்னார்.

என் அரைப் பக்கத்தின் நான்கு பெரியோரை நினைத்துக்கொண்டேன். எதிர்த்ததற்காக அவர்களில் யாருக்கும் ஒரு வேளைச் சாப்பாடுகூடத் தவறியதில்லை.

"நாளைக்கு நடக்கப்போறதைப் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?" நோட்டை எடுத்தேன்.

"பால் ஊத்துறது தப்புன்னு நான் சொல்லலை சார். அவங்க முறை. மல்லாக்கப் படுக்கவச்சு ஊத்துனா நுரையீரலுக்குப் போகும். உட்காரவச்சு ஊத்துனா வயித்துக்குப் போகும். அவ்வளவுதான். படுக்க வச்சு ஊத்தாதீங்க, உட்கார வச்சு ஊத்துங்க. இதைத்தான் ஒரு வாரமா எல்லார்கிட்டயும் சொல்றேன். 'நர்ஸம்மா, இது ஆஸ்பத்திரி இல்லை'ங்கறாங்க."

அந்த வரியை எழுதிக்கொண்டேன். அன்றிரவு அங்கேயே தங்கப்போவதாகச் சொன்னார். நான் ஆட்டையாம்பட்டியில் குழந்தைவேல் வீட்டில் தங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் போனபோது வீடு நிறைந்திருந்தது. பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். ஒரு சம்பந்தி கோடித் துணியைப் பைக்குள் வைத்திருந்தார். மடிப்பு வெளியே தெரிந்தது. வெள்ளிச் சொம்பில் பால். மல்லாந்து கிடந்த பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுசாமி வெற்றுடம்பில் திருநீறு பூசிக் கரண்டியை எடுத்தார்.

"இருங்க" என்றார் லூர்துமேரி. "படுத்த வாக்குல ஊத்தக்கூடாதுங்க. கிழக்குப் பார்த்து உட்காரவச்சுத்தான் ஊத்தணும். அதுதான் முறை."

ஒரு வாரமாக மருத்துவமாகச் சொல்லிப் பயனில்லாததை அன்றைக்குச் சாங்கியமாகச் சொன்னார். கழுத்தில் சிலுவையோடு.

சலசலப்பு எழுந்தது. "வேதக்காரம்மாவுக்கு நம்ம முறை என்ன தெரியும்?" என்றது ஒரு குரல். "எங்கூர்ல படுக்கவச்சுத்தான் ஊத்துவோம்" என்றது இன்னொன்று. "ஏன், அதுல என்ன தப்பு, கெழக்கு நல்ல தெசைதானே" என்றாள் ஒரு கிழவி. பொன்னுசாமிக்குக் குழப்பம். கை அந்தரத்தில் நின்றது. முறை தவறிவிடுமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது; நாற்பது பேரில் வேறு எந்தப் பயமும் யாருக்கும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நாலு எடம் போறவரு நீங்க. அப்படியொரு முறை இருக்குதுங்களா?"

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பொய்ச் செய்தி எழுதியதில்லை என்பது அதுவரை என் பெருமை. யோசிக்க எனக்குக் கிடைத்தது ஒரு கரண்டிப் பால் சொட்டி முடிய எடுத்துக்கொள்ளும் நேரம்.

"இருக்குதுங்க" என்றேன். "எங்க பேப்பர்லயே வந்திருக்குது. ஆன்மிகப் பக்கத்துல."

"பேப்பர்லயே வந்திருக்குதா!"

கூட்டம் அமைதியானது. பொன்னுசாமி நிமிர்ந்தார். "நானும் எங்கியோ படிச்ச ஞாபகமுங்க" என்றார். பிறகு சுற்றியிருந்தவர்களிடம், உட்கார்ந்த நிலையில் உயிர் மேல்நோக்கிப் போவது எப்படி என்று தர்மகர்த்தாவுக்குரிய குரலில் விளக்க ஆரம்பித்தார். அதற்குள் லூர்துமேரி நான்கு தலையணையை அண்டக் கொடுத்துப் பெரியவரை நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டார். கன்னத்தைத் தன் உள்ளங்கையில் தாங்கி, தலையைச் சற்றுக் குனியவைத்துக்கொண்டார்.

"மெதுவா. பாதிக் கரண்டி போதும். அவர் முழுங்கட்டும். ம், அடுத்தவங்க வாங்க."

மகன் ஊற்றினார். மருமகள் ஊற்றினாள். மகள்கள், மாப்பிள்ளைகள், பங்காளிகள். கல்யாணப் பெண்ணான பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, "அப்பாரு, முழுங்குங்க அப்பாரு" என்றாள். அவர் முழுங்கினார். பதினைந்தாவது ஆளுக்குப் பிறகு, பால் ஆறிவிட்டது, சூடு பண்ணிக்கொண்டு வாருங்கள் என்றார் லூர்துமேரி. அரை மணி நேரக் கணக்கு பொய்த்து ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கடைசியாகக் கோடித் துணிச் சம்பந்தி ஊற்றினார். எல்லோரும் பெரியவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெரியவர் நாக்கால் உதட்டைத் துடைத்தார்.

"சக்கரை பத்தலை" என்றார்.

முதலில் சிரித்தது கல்யாணப் பெண். பிறகு யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள் என்று பிரித்து எழுத என்னால் முடியாது. பொன்னுசாமி தோளில் கிடந்த துண்டால் அப்பாவின் மோவாயைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தி கோடித் துணியைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார். சமையற்கட்டில்தான் உண்மையான நெருக்கடி. எழவு வீட்டில் அடுப்பு எரியாது என்று யாரும் மாவு ஆட்டி வைக்கவில்லை. இப்போது நாற்பது பேருக்குக் காலைப் பலகாரம் வேண்டும். "முன்னாடியே சொல்லியிருந்தா அரிசி ஊறப்போட்டிருப்பமில்லீங்களா" என்று ஒரு அம்மாள் என்னிடம் கோபித்துக்கொண்டார், நான்தான் ஏற்பாடு செய்தவன்போல.

கிளம்பும்போது பொன்னுசாமி பஸ் நிறுத்தம் வரை வந்தார். "அந்த விளம்பரத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க. தேதியை மட்டும் அடிச்சுட்டு வச்சிருங்க" என்றார். சிறிது தூரம் நடந்து, "எங்கய்யன் என்னைப் பார்த்துச் சிரிச்சாருங்க" என்றார்.

அன்று மாலை அரைப் பக்கத்தை எழுதி முடித்தேன். நான்கு பெரியோருக்குக் கீழே, கடைசிப் பத்தியில், லூர்துமேரியின் பெயரைப் போட்டு அவருடைய ஒரு வரியைச் சேர்த்தேன்: படுக்க வைத்து ஊற்றாதீர்கள், உட்கார வைத்து ஊற்றுங்கள். நான் சேகரித்தவற்றில் கருத்து என்று சொல்லத் தகுந்தது அதுதான் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பக்கம் வந்தது. நான்கு போட்டோவும் தெளிவாக விழுந்திருந்தன. 'மனிதன் கை வைத்தால் அது கொலை' என்பது கட்டம் கட்டி, பெரிய எழுத்தில். கடைசிப் பத்தி இல்லை. டிரங்க் கால் போட்டுக் கேட்டேன். "அது நர்ஸிங் குறிப்புய்யா. கருத்து இல்லை. மகளிர் பக்கத்துக்கு அனுப்பியிருக்கேன், இடம் இருந்தாப் போடுவாங்க" என்றார் செய்தி ஆசிரியர். இடம் இருக்கவில்லை.

பக்கத்தைப் பொன்னுசாமி அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியதாகக் குழந்தைவேல் சொன்னார். பெரியவர் முழுவதும் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாராம்.

மாசிக் கல்யாணத்தில் பெரியவர் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்து அட்சதை போட்டார். ஆடியில் அந்த விளம்பரம் மறுபடி வந்தது. இம்முறை முந்தின நாள் தேதியோடு. குழந்தைவேலைக் கூப்பிட்டு விசாரித்தேன். "நெசமாத்தானுங்க. காத்தால பால் குடிச்சுட்டு, உக்காந்த வாக்குலயே போயிட்டாரு" என்றார். 'இயற்கை எய்தினார்' என்பதைத் திருத்தாமல் அனுப்பினேன்.

அடுத்த ஆண்டு குழந்தைவேல் இன்னொரு செய்தியோடு வந்தார். சுற்றுவட்டாரத்தில் இப்போது படுக்கவைத்துப் பால் ஊற்றுவதில்லையாம். கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, தலையைக் குனியவைத்து, பாதிப் பாதிக் கரண்டியாக ஊற்றுகிறார்களாம். மாற்றிச் செய்தால் வயதானவர்கள் திட்டுகிறார்களாம். "பேப்பர்ல வந்த முறைன்னு சொல்றாங்க" என்றார். அதற்கு அடுத்த மாதம் ஒரு வாசகர் கடிதம் வந்தது. பள்ளிபாளையத்திலிருந்து ஒருவர், மேற்படி முறை தங்கள் நாளிதழில் எந்தத் தேதியில் வெளிவந்தது என்று தெரிவித்தால் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்ட உதவியாக இருக்கும் என்று எழுதியிருந்தார்.

முப்பது ஆண்டுகளில் என் பெயரில் ஆயிரக்கணக்கான பத்திகள் அச்சாயின. அவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு யாராவது எதையாவது மாற்றிச் செய்ததாக எனக்குத் தெரியாது. அச்சாகாத ஒன்றைத்தான் ஊர் ஊராகக் கடைப்பிடிக்கிறார்கள். அது பொய் என்பதும் எனக்குத் தெரியும். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லூர்துமேரியைத் தேடிப் போனேன். டாக்டரின் கிளினிக்கில் ஊசிகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன்.

"இதுக்கு என்ன பதில் எழுதறது? அப்படி எதுவும் வெளிவரவில்லைன்னு ஒரு திருத்தம் போடறதுதான் முறை" என்றேன்.

அவர் இடுக்கியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த மூணு வரிக்கே நீங்க திருத்தம் போடல சார். இதுக்கு எதுக்கு?"